கழுவாத கம்பளி

புன்டா அரீனஸில் காற்று முற்றினால்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்து நடக்க.
ஊரே கயிற்றைப் பிடிக்கும்.
டான்கோ தன் காதுகளைப் பிடிப்பான்.
நான் டான்கோவை.

ஆறு வயது.
காலுறையின் தையல் அவனுக்கு முள்;
உள்ளை வெளியாக்கித்தான் மாட்டுகிறோம்.
சட்டைக் கழுத்தில் சீட்டை வெட்டினால்
வெட்டிய இடம் கடிக்கிறது என்பான்.
வகுப்பில் குழல்விளக்கு பாடுகிறதென்று அழுதான்.
ஆசிரியை அண்ணாந்து பார்த்து
எனக்கொன்றும் கேட்கவில்லையே என்றாள்.
ஒருநாள் பள்ளி விட்டபின்
அந்த விளக்கின் கீழே தனியே நின்றேன்.
பாடத்தான் செய்தது.

எனக்கு நண்டு ஆலையில் வேலை.
வேகும் பெருநண்டின் கால்களை
நாளெல்லாம் ஒடித்த கைகளோடு வருவேன்.
எலுமிச்சை, காப்பித்தூள், எஃகுக் கரண்டி,
யார் எதைச் சொன்னாலும் தேய்த்தேன்.
நகக்கண்ணில் குடியேறிய கவிச்சி
வாடகை தராமல் இருந்தது.
நான் தொட்டால் அவன் சுருங்குவான்.
கையுறை போட்டேன்; ரப்பர் நெடி அதைவிட மோசம்.
கடைசியில்
முழங்கையால் அணைக்கப் பழகினேன்.

நல்ல வாசனை மனதை ஆற்றும் என்றார் பயிற்சியாளர்.
லாவெண்டர் வாங்கினேன்: மாடிப்படியில் வாந்தி.
வெனிலாவை அவனே எடுத்துப்போய்
பனியில் வைத்துவிட்டு வந்தான், மரியாதையாக.
"அது கத்துது, அம்மா."

ஜலசந்திக்கு அக்கரையில், போர்வெனிரில், அவன் அப்பா.
பதினைந்து நாளுக்கொருமுறை அனுப்புவேன்.
ஒரு ஞாயிறு படகு திரும்பியபோது
கழுத்துத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு
கோரானின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.
படகின் சங்கு இரண்டுமுறை ஊதியது.
விழிக்கவில்லை.
அடுத்தமுறையும் அப்படியே.

வீட்டில் அந்தத் துணியை முகர்ந்தேன்.
கொழுப்பு. மொச்சை.
மழையில் நனைந்த ஏதோ ஒரு பிராணி.
கோரானின் மணத்தைப் பதினொரு வருடம் அறிவேன்;
இது அவனில்லை.
அப்படியென்றால்.

ஒன்பது நாள் தள்ளிப்போட்டேன்.
என் கைப்பேசியில் அவள் எண்
"அவள்" என்றே இருந்தது.
"என்ன பூசிக்கொள்கிறாய்?"
பலமுறை ஒத்திகை பார்த்த கேள்வி,
வெளியே வந்ததும் குற்றச்சாட்டாகிவிட்டது.

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.
"ஒன்றும் பூசுவதில்லை.
கம்பளிக் கிடங்கில் தரம் பிரிக்கிறேன்.
எத்தனை குளித்தாலும் போகாத வாடை.
பையனுக்குக் குமட்டுமோ என்று
நான்தான் தள்ளி உட்காருவேன்.
அவன்தான் வந்து மடியில்..."
நிறுத்திக்கொண்டாள்.
நானும் எதுவும் கேட்கவில்லை.
இருபக்கமும் தகரக்கூரையைக் காற்று அடிப்பது
கொஞ்சநேரம் கேட்டது.

ரொட்டிப் பை ஒன்று படகில் வந்தது.
உள்ளே ஒரு கைப்பிடி ஆட்டுரோமம்,
மஞ்சளாய், பிசுபிசுப்பாய்,
நெருஞ்சி ஒட்டி, சாணம் ஒட்டி.
கூடவே ஒரு துண்டுச்சீட்டு: கழுவிவிடாதே.
முள்ளை மட்டும் எடுத்தேன்.
பழைய காலுறைக்குள் அடைத்தேன்,
தையல் வெளிப்பக்கமாக.

அன்றிரவு கூரை பிய்ந்துவிடும் போலிருந்தது.
அவன் மூக்கைப் புதைத்துக்கொண்டு
ஒரு நீண்ட மூச்சு இழுத்தான்.
பிறகு இன்னொன்று.
நான் என் கைகளைத் தொடைக்கடியில் வைத்தபடி
கட்டில் விளிம்பில் விடியும்வரை இருந்தேன்.
பொறாமைதான். இல்லையென்று சொல்லமாட்டேன்.
பொறாமைப்பட்டுக்கொண்டே
அவன் தூங்குவதைப் பார்க்க முடிந்தது.

மூன்று வாரத்தில் வாசம் தேய்ந்துவிட்டது.
மறுபடி கேட்க வேண்டியிருந்தது; கேட்டேன்.
அவள் பெயருக்கு முதலெழுத்து எது என்றும் கேட்டு
எண்ணுக்கு மேலே யாஸ்னா என்று எழுதினேன்.

இந்த ஞாயிறு அவளே வந்தாள், பையோடு.
டான்கோ பையை வாங்கி, முகர்ந்து,
எங்கள் இருவரையும் மறந்து
கயிற்றோரமாக முன்னே நடந்தான்.
படகுத்துறையில் நாங்கள் நின்றோம்,
ஒருவரையொருவர் பார்க்காமல்,
கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு,
இரண்டு பேருமே.